நூருதோ, நிக்குதோ?

என் பிரியாவிடைக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் என்னைப் பொறுமைசாலி என்று புகழ்ந்தார்கள். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்து இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பிழையைக் கண்டுபிடிக்கும்வரை இடத்தைவிட்டு அசையாத பிடிவாதம் இருந்தது. தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு அது பொறுமையாகத் தெரிந்திருக்கிறது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் நான் பெருமை அடிப்பேன். அடக்கமாக எழுதச் சொன்னால் இந்த யசிந்தாவுக்கு வராது.

அரச அலுவலகங்களின் கொம்பியூட்டர்களைத் திருத்துகிற ஒரு சிறிய பிரிவில் தொழில்நுட்பவியலாளராக இருந்து ஓய்வுபெற்றேன். இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் யாழ்ப்பாணத்தில் கதிரையில் இருந்தபடியே பருத்தித்துறையில் இருக்கும் மெஷினுக்குள் நுழைந்து, கோளாறைத் தீர்த்துவிட்டு, தேத்தண்ணி ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடுகிறார்கள். இது நல்ல விஷயம்தான். பஸ்ஸில் நின்று நின்று என் முதுகு போனதைப்போல அவர்களுடைய முதுகு போகாது. ஆனால் ஒரு வியாதிக்கு மட்டும் அந்த வைத்தியம் சரிவரவில்லையாம். தானாக நின்றுபோகிற கொம்பியூட்டருக்குள் தூரத்திலிருந்து எப்படி நுழைவது? உள்ளே போனவுடன் அது நின்றுவிடுகிறது, போனவரும் வெளியே வந்துவிடுகிறார். "அக்கா, நீங்கள் உந்த வியாதியை எப்பிடிப் பிடிக்கிறனீங்கள் எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்று பிரிவு வெளியிடுகிற ஆண்டு மலருக்காகக் கேட்டார்கள். கேட்டது அவர்கள். இனி வாசித்துத்தான் தீரவேண்டும்.

நான் குருநகரைச் சேர்ந்தவள். அப்பா கடற்தொழிலாளி. படகு எஞ்சின் நடுக்கடலில் நின்றால் கூப்பிடுவதற்கு ஆள் இல்லாததால் அவரே பழுது பார்க்கப் பழகியிருந்தார், அவர் கழற்றிப் போட்டதைப் பொறுக்கிக் கொடுத்துப் பழகியவள் நான். குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை எங்களுடையது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார், மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் செய்தியும் சோர்ந்துபோகும். எங்கள் ஒழுங்கையில் அந்த ரேடியோக்களைத் திருத்தியது நான்தான். யுத்தத்தில் மூடிக்கிடந்த ஏ-ஒன்பது பாதை திறந்து கொம்பியூட்டர்கள் வரத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதிக் கடையொன்றில் சேர்ந்து அந்தத் தொழிலைக் கற்றேன். வருகிறவர்களில் பாதிப்பேர் என்னைப் பார்த்துவிட்டு, "ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்பார்கள். "இருக்கினம், அவை எனக்குத்தான் வேலை செய்யினம்" என்பேன். அது முழுக்க உண்மையல்ல. பிறகு உண்மையாயிற்று. கடையிலிருந்து பிரிவுக்கு வந்தேன்.

பிரிவின் தலைவியாக இருந்தவர் கௌரி மிஸ். வட்டுக்கோட்டைக்காரி, பொறியியலாளர், என்னைவிட வயது குறைந்தவர். குரலை உயர்த்தியதே இல்லை. அதனாலேயே அவர் அறைக்குள் போகுமுன் சொல்லப்போவதை வாசலில் நின்று ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். நாங்கள் ஒரு பிழையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால், பேனையை மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்.

"மிஸ், உடுவில் ஒஃபீஸ் மெஷின் ஷட்டவுண் ஆகுதாம்."

"ஆர் சொன்னது?"

"அங்கத்தை கிளாக்கர்."

"அவர் ஷட்டவுண் எண்டோ சொன்னவர்? அவர் சொன்னதை அவற்றை வாயாலை சொல்லுங்கோ, யசிந்தா அக்கா."

முதலில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. படித்த பிள்ளை, என்னை வைத்துப் பாடம் ஒப்புவிக்கிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன், எந்தச் சொல்லில் சொன்னால்தான் என்ன என்று. அவர் கோபிக்கவில்லை. மெஷினைப் பாவிக்கிறவர் கண்ணால் கண்டதைச் சொல்வார், நாங்கள் அதை எங்களுக்குத் தெரிந்த சொல்லாக மாற்றும்போது கண்டதில் பாதியை எறிந்துவிடுகிறோம் என்றார். திருத்துகிறவள் சொல்லை மாற்றினால் பிழையே மாறிவிடுமாம். சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். உள்ளுக்குள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒத்துக்கொள்ள வைத்தது வலிகாமத்தில் ஒரு கோவில். அலுவலக வேலை முடிந்தபின் தனிப்பட்ட உதவியாகப் போன இடம். வாசகசாலை நடத்துகிற கோவில், அதன் கொம்பியூட்டர் ஓடி ஓடி இடையில் நின்றுவிடுகிறது. அங்கே கணக்கு எழுதுகிறவரிடம் மிஸ் சொன்ன மாதிரியே கேட்டேன், என்ன கண்டனீங்கள் என்று. "நிண்டு போகுது பிள்ளை. பெட்டியிலை சத்தம் நிக்கும். ஸ்கிறீனிலை இங்கிலிசிலை ஏதோ எழுத்து ஓடிக்கொண்டு நிக்கும்" என்றார். திரையில் எழுத்து ஓடுகிறதென்றால் மொனிற்றருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. செத்தது பெட்டி மட்டும். ஆகவே பிழை பெட்டிக்குள்ளே. திறந்தேன். நவராத்திரி வாணி விழாவுக்குப் பூசிய சந்தனம், வெள்ளிக்கிழமைதோறும் தூவிய விபூதி, கர்ப்பூரப் புகை எல்லாமாகச் சேர்ந்து உள்ளே இருந்த காற்றாடியைச் சுற்றவிடாமல் இறுக்கியிருந்தன. சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றிருக்கிறது, பாவம். வேதக்காரப் பெண், கிறிஸ்தவள், கோவில் சாமான்களைத் தொடுகிறாளே என்று தயங்கி நின்ற குருக்கள் ஐயாவிடம், "ஐயா, உங்கடை கொம்பியூட்டர் என்னைவிட நல்ல சைவம். நெத்தி மட்டுமில்லை, குடலெல்லாம் பூசியிருக்கு" என்றேன். மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிரசாதத்தோடு அனுப்பினார்.

இனி அந்தப் பெரிய கதைக்கு வருகிறேன். தென்மராட்சியில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். பிறப்பு, இறப்புப் பதிவுகளின் பிரதி கேட்டு வருகிறவர்களுக்கு அதை அடித்துக் கொடுக்கிற மேசை ஒன்று அங்கே இருந்தது. யுத்தத்தில் வீடு வாசலோடு பத்திரங்களையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் வாசலில் எப்போதும் நிற்பார்கள். அந்த மேசைக்கு உரியவர் சுகந்தி. கணவனை இழந்தவர், ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள், வேறு துணை இல்லை. அவருடைய கொம்பியூட்டர் பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது போய்விடும். அடித்ததெல்லாம் அழியும். வெளியே நிற்கிற சனம் இன்னொரு நாள் வரவேண்டும்.

பெட்டி எங்களிடம் வந்தது. எங்கள் ஊர் வழக்கம் இது: கொம்பியூட்டர் பழுது என்றால் அந்தப் பெட்டியை மட்டும் கழற்றி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். மொனிற்றர், வயர், மற்றதெல்லாம் மேசையிலேயே கிடக்கும். பிள்ளையை மட்டும் டொக்டரிடம் கொண்டுவருவதுபோலத்தான், அதில் பிழை சொல்ல முடியாது. நான் முற்றத்தில் வைத்துத் தூசி ஊதினேன். காற்றாடியை விரலால் தட்டிச் சுற்றிப் பார்த்தேன், தடையில்லை. காய்ந்துபோன பழைய பசையைத் துடைத்து, சோற்றுப் பருக்கை அளவு புதுப்பசை வைத்தேன். ராம் தகட்டின் பல்லை அழிறப்பரால் தேய்த்துச் செருகினேன். மதர்போர்ட்டில் கொண்டென்சர் ஏதாவது வீங்கியிருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பவர் சப்ளையையும் மாற்றினேன். கடைசியில் பாரமான வேலை ஒன்றைக் கொடுத்து எங்கள் மேசையில் ஓடவிட்டேன். ஓடியது, நாள் முழுக்க ஓடியது. திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தது. மறுபடியும் எங்கள் மேசையில் தங்கமாக ஓடியது. "எங்கள் மேசையில் பிழை காட்டவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினேன்.

பிறகுதான் தொலைபேசியில் செய்தி வந்தது. அந்த அலுவலகத்தின் நிர்வாக உத்தியோகத்தர், அங்கே எல்லாரும் ஏ.ஓ. என்பார்கள், சுகந்தியை நெடுந்தீவுக்கு மாற்றும்படி எழுதப்போகிறார். மெஷினில் பிழை இல்லையென்று பிரிவே எழுதித் தந்துவிட்டதாம். சுகந்தி இருக்கும்போது மட்டும்தான் அது போகிறதாம். வேலைக்குக் கள்ளம் செய்து அவரே நிறுத்துகிறார் என்பது அவருடைய முடிவு. என்னுடைய "எங்கள் மேசையில்" என்ற சொற்களை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் வாசித்திருக்கிறார். எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. என் கையெழுத்தைக் காட்டி ஒரு பெண்ணைக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்புவதா? தென்மராட்சியிலிருந்து நெடுந்தீவுக்கு நாளாந்தம் போய்வர முடியாது. அங்கேயே தங்க வேண்டும். அப்படியானால் மகளை யார் பார்ப்பது?

கௌரி மிஸ்ஸிடம் போனேன். இந்தமுறை சொல்லை மாற்றாமல் எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"சுகந்தி என்ன சொல்லுறா?"

அப்போதுதான் உறைத்தது. இத்தனை முறை பெட்டி வந்தது, கூடவே ஏ.ஓ.வின் கடிதம் வந்தது. "கணினி தன்னிச்சையாகச் செயலிழக்கின்றது" என்று அழகான தமிழில் இருந்தது. சுகந்தியின் வாயிலிருந்து ஒரு சொல்லும் எங்களிடம் வரவில்லை.

"பெட்டி கதைக்காது அக்கா. அவவிட்டைப் போங்கோ" என்றார் மிஸ்.

அடுத்த வெள்ளிக்கிழமையே பஸ் ஏறினேன். ஏ.ஓ. மரியாதையாக வரவேற்றார். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அப்படியில்லை. அந்த மேசையின் வேலை முக்கியம் என்று, அலுவலகத்திலேயே அதற்கு மட்டும் யூ.பி.எஸ். கேட்டு எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். மின்சாரம் தடைப்பட்டால் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கிற பற்றறிப் பெட்டி அது. அவர் தானே அந்தக் கதிரையில் ஒருநாள் இருந்தும் பார்த்தாராம். காலையில் இருந்து சாப்பாட்டுக்கு எழும்பும்வரை ஒன்றும் நடக்கவில்லை, சாப்பிட்டு வந்த பிறகும் நடக்கவில்லை. கந்தசட்டி நாட்களில் சுகந்தியின் மெஷின் ஒவ்வொரு நாளும் போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவருக்கு நிச்சயமானது. மற்றவர்கள் இன்னும் மோசம். தாலி அறுத்தவளின் கைராசி என்று பின்னால் கதைத்திருக்கிறார்கள். அதைச் சொன்ன ஆளை நான் பார்த்த பார்வையில் அவர் கோப்பு எடுக்கிற சாட்டில் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

சுகந்தி மெலிந்த பெண். கண்ணை நிமிர்த்தவில்லை. என்ன நடக்கிறது என்று கேட்டேன். "செயலிழக்குது மிஸ்" என்றார். ஏ.ஓ.வின் சொல். திருப்பிக் கேட்டேன், "தன்னிச்சையா செயலிழக்குது" என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தால் கடிதம் முழுவதையும் ஒப்புவித்திருப்பார். என் பொறுமையைப் புகழ்ந்தவர்கள் அந்த நேரம் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டேன்.

"பிள்ளை, என்னை மிஸ் எண்டாதையும். அக்கா எண்டு சொல்லும். இரவு வீட்டை போய் மகளிட்டை இதை என்னெண்டு சொல்லுவீர்?"

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

"இண்டைக்கும் நூந்து போச்சு எண்டு சொல்லுவன்."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்களூரில் விளக்கு அணைவதை நூருதல் என்போம். விளக்கை நூத்துப்போட்டுப் படு என்று சொல்லாத தாய் குடாநாட்டில் இல்லை. எஞ்சின் நிற்கும், மணிக்கூடு நிற்கும், பஸ் நிற்கும். வெளிச்சம் மட்டும்தான் நூரும். கோவில்காரர் "நிண்டு போகுது" என்றார். சுகந்தி "நூந்து போச்சு" என்கிறார். எனக்கு முதுகு நிமிர்ந்தது.

"எது நூருது?"

"எல்லாம் அக்கா. முதல்லை படம் ஒருக்காச் சுருங்கும். பிறகு நூரும். மொனிற்றரிலை ஒரு சின்ன லைற் இருக்கெல்லே, அதுவும் நூந்திடும். பேந்து பெட்டியிலை பட்டனை அமத்தினால் வரும்."

பின்பக்கம் பெருத்த பழைய மொனிற்றர் அது. வோல்ற்றேஜ் இறங்கினால் அதில் படம் சுருங்கும். பெட்டிக்குள் பிழையென்றால் பெட்டிதான் நின்றிருக்கும், மொனிற்றரின் சின்ன லைற் மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும். எல்லாம் சேர்ந்து நூருகிறதென்றால் பிழை பெட்டிக்கு வெளியே. நான் துடைத்து, தேய்த்து, பசை வைத்துத் தாலாட்டிய பெட்டிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இத்தனை நாளும் தெரியாமல் போனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல்லை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மேசைக்குக் கீழே குனிந்தேன். கோப்புக் கட்டுகளுக்குப் பின்னால் யூ.பி.எஸ். பச்சை லைற்றோடு நல்ல பிள்ளையாக இருந்தது. சுவரிலிருந்து அதன் பிளக்கை இழுத்தேன். கீச்சென்று ஒரு சத்தம், மேலே எல்லாம் நூர்ந்தது. பற்றறி எப்போதோ செத்துப்போயிருக்கிறது. திரும்பச் செருகினேன், பச்சை லைற் தானாகவே வந்தது. தாங்கிப் பிடிக்கத் தந்த சாமான்தான் கையை விட்டிருக்கிறது.

ஏ.ஓ.விடம் காட்டினேன். அவர் விடவில்லை. "பற்றறி பழுதுதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் இஞ்சை கரண்ட் போறேல்லையே? மற்ற மெஷினெல்லாம் ஓடிக்கொண்டெல்லோ இருக்கு. அவ இருக்கேக்கை மட்டும் ஏன் போகுது?" என்றார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் புதுப்பற்றறி போட்டுவிட்டு நான் பஸ் ஏறினால், மெஷின் பிழைக்கும், சுகந்தியின் பெயர் பிழைக்காது. கள்ளி என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டாள் என்றுதான் சொல்வார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரம் வந்தது. எல்லாரும் பார்சலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்கள். சுகந்தி எழும்பவில்லை.

"நீர் சாப்பிடப் போகேல்லையோ?"

"இண்டைக்கு வெள்ளியெல்லே அக்கா. விரதம். இரவிலைதான் சாப்பிடுறது. எல்லாரும் சாப்பிட்டு வரும்வரை சும்மா இருக்கிறதே எண்டு நான் இருந்து அடிப்பன்."

"மற்ற நாளிலை?"

"மற்ற நாளிலை நூத்துப்போட்டுத்தான் போறனான். வேலை கூடினால் மட்டும் இருப்பன்."

"கந்தசட்டி?"

"அது முழுக்க மத்தியானம் சாப்பிடுறேல்லைத்தானே."

வேதக்காரியான எனக்கு இது தானாகத் தோன்றியிருக்காது. ஏ.ஓ. சைவர், ஆனால் அவருக்கும் தோன்றவில்லை. அவர் சாப்பிடப் போய்விடுகிறாரே. இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, இது சுகந்திக்கு வருகிற வியாதி இல்லை. எல்லாரும் சாப்பிடுகிற நேரத்துக்கு வருகிற வியாதி. அந்த நேரம் ஆள் இருந்து வேலை செய்கிற ஒரே மேசை இவருடையது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் என்னதான் நடக்கிறது? என் பார்சலைத் திறக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பசி வயிற்றைப் பிராண்டியது. சுகந்தி அடித்துக்கொண்டிருந்தார்.

பின்பக்கம் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகக் கை கழுவுகிறார்கள், கோப்பை கழுவுகிறார்கள், வாய் கொப்பளிக்கிறார்கள். கொஞ்சத்தில் கிணற்றடிப் பக்கம் உறுமிக்கொண்டு ஏதோ ஒன்று தொடங்கியது. தலைக்கு மேலே ரியூப் லைற் ஒரு கண் சிமிட்டியது. சுகந்தியின் திரையில் படம் சுருங்கியது. கீச். நூர்ந்தது.

சுகந்தி கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இதோ உங்களுக்கு முன்னாலேயே நடந்துவிட்டதே என்ற பயம் அவர் முகத்தில். நான் சிரித்தேன். சந்தோஷத்தில் அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டும் தட்டிவிட்டேன், அவருக்கு நொந்திருக்கும்.

அலுவலக உதவியாளர் கந்தையா அண்ணையிடம் விசாரித்தேன். முன்பெல்லாம் அவரே காலையில் மோட்டரைப் போட்டுத் தண்ணீர்த் தாங்கியை நிரப்புவாராம். கட்டடம் திருத்தியபோது தாங்கியில் தண்ணீர் இறங்கினால் தானாகத் தொடங்குகிற புதுமோட்டர் பூட்டினார்களாம். அதற்குரிய வயரை, பக்கத்தில் இருந்ததென்று, சுகந்தியின் அறைக்குப் போகிற அதே வயரில் கொழுவியிருக்கிறார்கள். மோட்டர் தொடங்கும் அந்த ஒரு கணம் வோல்ற்றேஜ் கீழே இறங்கும். நேரே சுவரில் செருகியிருக்கிற மற்ற மெஷின்களுக்கு ஒரு கணத்தைத் தாங்க உள்ளேயே போதிய பலம் இருக்கிறது. சுகந்தியுடையதில் யூ.பி.எஸ். குறுக்கே பாய்கிறது, மின்சாரம் போகிறது என்று நினைத்துப் பற்றறிக்கு மாறுகிறது. அங்கே பற்றறி இல்லை, பிணம்தான் இருக்கிறது.

இதையெல்லாம் வாயால் சொன்னால் போதாது என்று எனக்குத் தெரியும். ஏ.ஓ. சாப்பிட்டுவிட்டு வந்ததும், அந்தக் கதிரையில் வந்து இருக்கும்படி கேட்டேன். சுகந்தியை வாசலுக்கு வெளியே, பிரதி வாங்க வந்த சனத்தோடு நிற்கச் சொன்னேன். அவர் கை அலுவலகத்தில் எந்த ஆணியையும் தொடவில்லை என்று எல்லாரும் பார்க்கவேண்டும். ஏ.ஓ.விடம், ஏதாவது அடியுங்கோ ஐயா என்றேன். என்ன அடிப்பது என்று கேட்டார். உங்களுக்குப் பிடிச்சதை அடியுங்கோ என்றேன். அவர் தன் முழுப்பெயரையும் பதவியையும் அடிக்கத் தொடங்கினார். நான் யன்னலால் கையைக் காட்டினேன். கந்தையா அண்ணை பின்பக்கத்துக் குழாய்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்.

ஏ.ஓ. இரண்டு விரலால் அடிக்கிறவர். முகவரியும் முடிந்தது, தொடர்ந்து என்ன அடிப்பது என்று தெரியாமல் எங்கள் அலுவலகம் என்று தொடங்கினார். நான் வியர்த்துக்கொண்டு நின்றேன். மோட்டர் வராமல் போனால் நானும் நெடுந்தீவுக்குத்தான் போகவேண்டும். அப்போது கிணற்றடியில் உறுமல் கேட்டது. ரியூப் லைற் சிமிட்டியது. அவருடைய பெயரும் பதவியும் ஒருமுறை சுருங்கின.

ஏ.ஓ. விரலைத் தூக்கியபடியே, இத்தனை நாளும் கடிதத்தில் எழுதிய தமிழெல்லாவற்றையும் மறந்து, "ஐயோ, நூந்து போச்சு" என்றார்.

வாசலில் நின்ற சனத்தில் யாரோ சிரித்தார்கள். அறைக்குள் யாரும் சிரிக்கவில்லை. ஏ.ஓ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு எழும்பினார். கதிரையைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"சுகந்தி, உள்ளுக்கு வாரும். இது உம்மடை கதிரை."

மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் சுகந்தி வந்து இருக்கும்வரை அந்தக் கதிரையின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. சுகந்தி இருந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. என் வேலைக்காலம் முழுவதிலும் எத்தனையோ மெஷின்களைத் திருத்தியிருக்கிறேன், அன்றைக்கு அந்த அறையில் நின்றபோது வந்த பெருமை வேறொரு நாளும் வந்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. அந்த இடமாற்றக் கதை அதோடு முடிந்தது. மின்சார வேலைக்காரர் வந்து மோட்டரை வேறு வயருக்கு மாற்றினார், நான் புதுப்பற்றறி போட்டேன்.

பிரிவுக்குத் திரும்பி மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். ஒவ்வொருவரும் சொன்னதை அவரவர் வாயால் சொன்னேன். ஏ.ஓ.வின் "ஐயோ"வையும் விடவில்லை. கௌரி மிஸ் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். தானே எழும்பிப் போய் எனக்குப் பிளேன்ரீயும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். அதன்பிறகு பிரிவுக்கு யார் தொலைபேசி எடுத்தாலும் முதல் கேள்வி, "நூருதோ, நிக்குதோ?" என்பதாகிவிட்டது. நூருது என்றால் நாங்கள் போவோம், நிக்குது என்றால் பெட்டி வரலாம். கொழும்பிலிருந்து பயிற்சி தர வந்த தமிழ்ப் பொறியியலாளர் ஒருவர், இது என்ன கலைச்சொல், எந்த அகராதியில் இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். குருநகர் அகராதி என்றேன். மனிதர் எழுதிக்கொண்டார்.

பிரிவில் இருக்கிறவர்கள் கேட்டது, தானாக நின்றுபோகிறதை எப்படிப் பிடிப்பது என்று. அதற்குரிய பதில் மேலே இருக்கிறது, கண்ணில் படவில்லையென்றால் இன்னொருமுறை வாசியுங்கள்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் காலையில் தொலைபேசி அடித்தது. சுகந்தி. மகள் இப்போது திருநெல்வேலியில் கம்பசில் படிக்கிறாள். அதே அலுவலகம், ஏ.ஓ. எப்போதோ ஓய்வுபெற்றுப் போய்விட்டார், மொனிற்றரும் மெலிந்துவிட்டது.

"அக்கா, என்ரை மெஷின் திருப்பியும் தொடங்கியிட்டுது" என்றார்.

பழைய பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. "நூருதோ..." என்று தொடங்கினேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை.

"நூரேல்லை அக்கா. நிக்குது. மொனிற்றர் லைற் மஞ்சளாய் எரிஞ்சுகொண்டுதான் இருக்கு. மத்தியானத்திலையும் இல்லை, எல்லா நேரமும் நிக்குது. உள்ளுக்கை காத்தாடிதான் இறுகியிருக்கும் எண்டு சொல்லி நான் பெட்டியை அனுப்பியிட்டன்."

அவர் என்னிடம் கேட்பதற்கு எடுக்கவில்லை, சொல்வதற்குத்தான் எடுத்திருக்கிறார். பேச்சை முடிக்க மனமில்லாமல், எங்கேயிருந்து கதைக்கிறீர் என்று கேட்டேன்.

"என்ரை கதிரையிலை இருந்துதான் அக்கா" என்றார் சுகந்தி.